கொழுப்பு மாத்திரையும் அப்பாவின் வால்வும்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அப்பாவுக்கு வலது கண்ணில் புரை முற்றியிருந்ததால் அறுவைக்கு நாள் குறித்திருந்தோம். அதற்கு முன்பாக இதயத்தைப் பரிசோதித்து ‘ஃபிட்னெஸ்’ சான்று வாங்கிவரச் சொன்னார்கள். இ.சி.ஜி. எடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் போனோம். அங்கிருந்த இளம் மருத்துவர், அப்பாவின் மார்பெலும்புக்கு வலப்பக்கம் இரண்டாம் விலா இடுக்கில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர், நெடுநேரம் எடுக்கவில்லை. அதைக் கழுத்துக்கு நகர்த்தினார். மூச்சை நிறுத்தச் சொன்னார். மறுபடியும் மார்புக்கே வந்தார். பிறகு, “ஒரு எக்கோ பாத்துடலாம் சார்” என்றார்.

இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசலான மகாதமனி வால்வின் இதழ்கள் தடித்திருக்கின்றன, அவற்றில் கால்சியம் படிந்திருக்கிறது, வால்வைக் கடக்கும் ரத்தத்தின் உச்ச வேகம் வினாடிக்கு 2.6 மீட்டர், லேசான சுருக்கம் என்று எக்கோ அறிக்கை சொன்னது. அந்த வேகம் சாதாரணமாக ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும். வழி குறுகக் குறுக வேகம் ஏறும். 2 முதல் 3 வரை லேசான சுருக்கம், 3 முதல் 4 வரை நடுத்தரம், 4-ஐத் தொட்டால் கடுமையானது என்று கணக்கு. அப்பாவுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவர் அவர். பாதி மூடிய வால்வில் தண்ணீர் எப்படிச் சீறும் என்பதையும், அதற்குப் பின்னாலுள்ள மோட்டார் எப்படித் திணறும் என்பதையும் காதாலேயே அறிந்தவர். அவர் கேட்டது வேறொன்று.

“ஏனுங்க டாக்டர், பத்து வருசமாக் கொழுப்பு மாத்திரையை ஒரு நாள் விடாமப் போட்டுட்டு வர்றேன். அப்புறம் எப்படிங்க படிஞ்சுது?”

இதய மருத்துவர் சிரித்துக்கொண்டே, “அந்த மாத்திரை ரத்தக் குழாய்க்குங்க. வால்வுக்கு அது கேக்காதுங்க” என்றார்.

கேட்காது என்றால் ஏன் கேட்காது? இரண்டும் ஒரே ரத்தம் ஓடும் வழிதானே? அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தவன், அடுத்த சில மாதங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் மூழ்கிப்போனேன். நான் மருத்துவன் அல்லன். தணிக்கை அலுவலகத்தில் எண்களோடு மாரடிப்பவன். ஆனாலும் இந்த விஷயத்தின் வரலாறு பெரும்பாலும் எண்களின் வரலாறாகவே இருப்பதால், எனக்குப் புரிந்த அளவை இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்பாவின் முதல் ஊகம், ஃபிட்டராக இருந்த எவருக்கும் வரக்கூடிய ஊகம்தான். எங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். கீசரின் உள்ளேயுள்ள சுருளைக் கழற்றினால், வெள்ளையாக ஒரு விரல் கனத்துக்கு உப்பு ஏறியிருக்கும். சுத்தியலால் தட்டினால் ஓடு ஓடாகப் பெயரும். ரத்தத்தில் ஓடும் கால்சியமும் அதே போல எழுபது வருடங்களில் மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டது என்று அவர் நினைத்தார். நீண்ட காலம் மருத்துவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தார்கள். வயதின் தேய்மானம், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை திறந்து மூடும் மெல்லிய சவ்வின் விதி என்று விட்டுவிட்டார்கள்.

அந்த எண்ணம் மாறியது 1990-களில். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கேத்தரின் ஓட்டோவும் சக ஆய்வாளர்களும், சுருக்கத்தின் தொடக்க நிலையிலிருந்த வால்வு இதழ்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 1994-இல் எழுதினார்கள். அவற்றில் கொழுப்பு இருந்தது. அழற்சிச் செல்கள் இருந்தன. அவற்றினிடையே கால்சியம் இருந்தது. மாரடைப்பைக் கொண்டுவரும் ரத்தக் குழாய்ப் படிவில் இருப்பவையும் இவைதாம். 2001-இல் வெளியான மற்றொரு ஆய்வு இதைவிட வியப்பானது. அறுவையில் வெட்டி எடுக்கப்பட்ட 347 வால்வுகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் 36-இல் முதிர்ந்த எலும்பே உருவாகியிருந்தது. உப்புப் படிவு அல்ல, எலும்பு. சிலவற்றில் மஜ்ஜை போன்ற திசுகூட இருந்தது. வால்வு இதழுக்குள் வாழும் செல்களில் சில, தம் தொழிலை மறந்து, எலும்பு கட்டும் செல்களைப் போல நடந்துகொள்ளத் தொடங்கிவிடுகின்றன. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப இது படிஞ்சது இல்லடா, முளைச்சது” என்றார். நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை.

இதற்கிடையே, 65 வயதைக் கடந்த 5,201 அமெரிக்கர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வொன்று, யாருக்கு இந்த வால்வுத் தடிப்பு வருகிறது என்று 1997-இல் கணக்கெடுத்துச் சொன்னது. அவர்களுள் 26 விழுக்காட்டினருக்கு வால்வு தடித்திருந்தது. 2 விழுக்காட்டினருக்குச் சுருக்கமே வந்திருந்தது. வயது, ஆணாக இருத்தல், புகைபிடித்தல், ரத்த அழுத்தம், எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு ஆகியவை அதனோடு சேர்ந்து வந்தன. மாரடைப்புக்கும் ஏறத்தாழ இதே பட்டியல்தான். நோயின் முகம் ஒன்று, காரணங்களும் ஒன்று என்றால், மருந்தும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அப்பா சாப்பிடும் ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரைகள் மாரடைப்பைக் குறைக்கின்றன என்பது அதற்குள் ஐயமற நிறுவப்பட்டிருந்தது. விலை மலிந்துகொண்டிருந்த ஒரு மாத்திரை வால்வு அறுவையையும் தள்ளிப்போடும் என்றால், அதைவிட நல்ல செய்தி வேறென்ன?

முதலில் வந்த முடிவுகள் அந்த நம்பிக்கைக்கு உரம் போட்டன. கொழுப்பூட்டப்பட்ட முயல்களின் வால்வில் நிகழ்ந்த மாற்றங்களை அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் தடுத்தது. மருத்துவமனைப் பதிவேடுகளைப் பின்னோக்கிப் புரட்டிய ஆய்வுகள், ஸ்டாட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் வால்வு மெதுவாகவே சுருங்கியதாகக் காட்டின. 2002-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒன்று 65 பேரைப் பற்றியது. அவர்களுள் ஸ்டாட்டின் சாப்பிட்டவர்கள் 28 பேர். அந்த 28 பேரின் வால்வில் கால்சியம் சேரும் வேகம் மற்றவர்களைவிட 60 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்திருந்தது. இப்படிப்பட்ட எண்ணைப் பார்க்கும் தணிக்கைக்காரனுக்கு மகிழ்ச்சி வராது, கை அரிக்கும். ஆனால் மருந்துக்காகக் காத்திருக்கும் நோயாளிக்கும், அவர் முன்னால் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கும் அது எப்படித் தெரிந்திருக்கும் என்பதை நான் புரிந்துகொள்கிறேன்.

சரியான சோதனையை முதலில் நடத்தியவர்கள் ஸ்காட்லாந்தின் எடின்பரோக்காரர்கள். அந்த ஆய்வுக்கு ‘சால்டயர்’ என்று பெயர். ஸ்காட்லாந்துக் கொடியின் பெயரும் அதுதான். சுருக்கமும் கால்சியமும் உள்ள 155 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 77 பேருக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின், 78 பேருக்குப் பார்வைக்கு அதே போன்ற வெற்று மாத்திரை கொடுத்தார்கள். யாருக்கு எது என்று சாப்பிடுபவருக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. 80 மில்லிகிராம் என்பது உச்ச அளவு. அப்பா சாப்பிடுவது 20 தான். சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது: ஒரு குழுவில் எல்.டி.எல். 63, மற்றதில் 130. பாதிக்கும் கீழ். ஆனால் வால்வைக் கடக்கும் ரத்தத்தின் வேகம், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஆண்டுக்கு 0.199 மீட்டரும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 0.203 மீட்டரும் ஏறியிருந்தது. சி.டி. ஸ்கேனில் கணக்கிட்ட கால்சியம் ஆண்டுக்கு 22.3 விழுக்காடு கூடியிருந்தது மாத்திரைக்காரர்களுக்கு, 21.7 விழுக்காடு மற்றவர்களுக்கு.

இந்த எண்களை நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சிறிதளவாவது வித்தியாசம் இருந்திருந்தால், ஆட்கள் குறைவு, காலம் போதவில்லை என்று வாதாட இடமிருக்கும். இங்கே இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கொழுப்பு பாதியாகக் குறைந்ததை வால்வு கண்டுகொள்ளவே இல்லை.

அதற்கு எதிர்வாதம் ஒன்று 2007-இல் போர்ச்சுகலிலிருந்து வந்தது. 121 பேரை வைத்து நடந்த ‘ராவே’ ஆய்வில், எல்.டி.எல். கூடுதலாக இருந்தவர்களுக்கு ரோசுவாஸ்டாட்டின் கொடுத்தபோது சுருக்கத்தின் வேகம் குறைந்தது. ஆனால் அங்கே குலுக்கல் இல்லை. யார் சாப்பிடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். கொழுப்பு கூடியவர்களுக்கு மாத்திரை, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்று பிரித்தார்கள். வெவ்வேறு வகையான இரண்டு கூட்டங்களை ஒப்பிட்டால் வரும் விடை மாத்திரையைப் பற்றியதா, கூட்டத்தைப் பற்றியதா என்று பிரித்தறிய வழியில்லை.

அடுத்த ஆண்டே ‘சீஸ்’ ஆய்வு வந்து பெரும்பாலான வாதங்களை முடித்துவைத்தது. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன், அயர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து 1,873 பேர். சிம்வாஸ்டாட்டினும், கொழுப்பைக் குறைக்கும் வேறு வகை மருந்தான எஸிடிமைபும் சேர்த்து ஒரு பக்கம், வெற்று மாத்திரை மறுபக்கம். நான்கு ஆண்டுகளுக்கும் மேல் தொடர்ந்தார்கள். வால்வு மாற்று அறுவைக்குப் போனவர்கள் 28.3 விழுக்காடு ஒரு பக்கம், 29.9 மறுபக்கம். புள்ளியியல் கணக்கில் இதற்குப் பெயர் வித்தியாசமின்மை. 2010-இல் கனடாவின் ‘அஸ்ட்ரானமர்’ ஆய்வும், 269 பேருக்கு ரோசுவாஸ்டாட்டினை உச்ச அளவில் கொடுத்துப் பார்த்து, அதே சுவரில்தான் முட்டிக்கொண்டது. ‘சீஸ்’ ஆய்வில் மாத்திரைப் பக்கம் 105 பேருக்கும் மறுபக்கம் 70 பேருக்கும் புற்றுநோய் வந்தது என்பதால் அப்போது ஒரு பீதியும் கிளம்பியது. அதே மருந்துச் சேர்க்கையை ஆராய்ந்துகொண்டிருந்த இன்னும் பெரிய இரண்டு ஆய்வுகளின் கணக்கைப் பார்த்ததும் அது தற்செயல் என்று அடங்கியது. ஆனால் வாட்ஸப்பில் அந்தப் பீதி இன்னும் ஓய்வு பெறவில்லை.

சரி, பழைய பதிவேடுகள் ஏன் ஏமாற்றின? ஸ்டாட்டின் சாப்பிடுபவர் யார் என்று யோசித்தால் பாதி புரிந்துவிடும். ஒழுங்காக மருத்துவரைப் பார்ப்பவர், எழுதிக்கொடுத்ததை விடாமல் வாங்கிச் சாப்பிடுபவர், ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்திருப்பவர். அவருடைய வால்வு மெதுவாகச் சுருங்கினால் அந்தப் பெருமை மாத்திரைக்கா, அவருடைய ஒழுங்குக்கா? சிறிய எண்ணிக்கையும் பின்னோக்கிய பார்வையும் சேர்ந்துவிட்டால், நாம் எதிர்பார்ப்பதை எண்கள் நமக்குக் காட்டிவிடும்.

இதைவிட எனக்குச் சுவையாகப் பட்டது, உடலுக்குள் நடப்பதைப் பற்றிய விளக்கம். ரத்தக் குழாயில் ஆபத்து எது? கொழுப்பும் அழற்சியும் நிறைந்த மெத்தென்ற படிவு திடீரென்று வெடித்து, அங்கே ரத்தம் உறைந்து, வழியை அடைப்பது. ஸ்டாட்டின் அந்தப் படிவிலுள்ள கொழுப்பை வற்றச் செய்து, மேல்தோலை உறுதியாக்குகிறது. அப்போது படிவில் கால்சியம் குறைவதில்லை. இதயக் குழாய்களுக்குள்ளேயே படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளில், ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களின் படிவு சுருங்கியபோதும் அதிலுள்ள கால்சியம் சற்றுக் கூடித்தான் இருந்தது. அங்கே கால்சியம் என்பது ஆறிய புண்ணின் பொருக்கு மாதிரி. வால்வில் கதையே வேறு. அங்கே எதுவும் வெடிப்பதில்லை, அடைப்பதில்லை. இதழ் விறைத்துப் போவதுதான் நோய். விறைப்பைத் தருவது கால்சியம். குழாயில் காயம் ஆறியதன் அடையாளமாக இருப்பது வால்வில் காயமாகவே ஆகிவிடுகிறது. ‘கால்சியம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு இடத்துக்கும் பயன்படுத்துவதால் வரும் குழப்பம் இது.

இன்னொன்றும் உண்டு. கொழுப்பு, வால்வில் தீயைப் பற்றவைக்கும் குச்சியாக இருக்கலாம்; பற்றிக்கொண்ட பிறகு குச்சியைப் பிடுங்கி என்ன பயன்? எலும்பு கட்டத் தொடங்கிவிட்ட செல்கள் தம் போக்கில் கட்டிக்கொண்டே போகின்றன. விறைத்த இதழில் ஏற்படும் இழுவிசையே மேலும் கால்சியம் சேரக் காரணமாகிறது. ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் ஏற்கெனவே சுருக்கம் வந்தவர்கள். எல்.டி.எல். கூடுதலாக இருக்கும்படி மரபிலேயே அமைந்தவர்களுக்கு வால்வில் கால்சியமும் சுருக்கமும் அதிகம் வருகின்றன என்று 2014-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அதாவது, பிறந்தது முதல் கூடுதல் கொழுப்போடு வாழ்வது வால்வைக் கெடுக்கிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்று, சிறுவயதிலேயே எல்.டி.எல். 500-ஐத் தாண்டும் குழந்தைகளின் மகாதமனி வால்வு இளமையிலேயே பாதிக்கப்படுவதும் இதையே சொல்கிறது. ஆகவே முப்பது வயதிலிருந்தே கொழுப்பைக் குறைத்து வைத்தால் எழுபதில் வால்வு தப்புமா என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. நாற்பது ஆண்டுகள் நீளும் அப்படியொரு சோதனையை நடத்துவது நடைமுறையில் கிட்டத்தட்ட முடியாத காரியம்.

மரபணு என்றதும் மற்றொரு பெயரைச் சொல்லியாக வேண்டும்: லிப்போபுரோட்டீன்-ஏ. ஆய்வகக்காரர்கள் ‘லிட்டில் ஏ’ என்பார்கள். எல்.டி.எல். துகளின் முதுகில் கூடுதலாக ஒரு புரதம் ஒட்டிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஆக்சிஜனேற்றமடைந்த கொழுப்புகளைச் சுமந்து சென்று வால்வுக்குள் இறக்குகிறது. எலும்பு கட்டும் போக்கைத் தூண்டுவது அந்தச் சுமைதான் என்கிறார்கள். 2013-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வொன்றில், இந்தப் புரதத்தைக் கூட்டும் ஒரு மரபணு வேறுபாடு இருந்தால் வால்வில் கால்சியம் இருப்பதற்கான வாய்ப்பு இரண்டு மடங்காகிறது என்று தெரியவந்தது. நம் ரத்தத்தில் இது எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் பிறப்பே தீர்மானித்துவிடுகிறது. உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி எதற்கும் அது மசிவதில்லை. பல லட்சம் பேரின் உடல்நல விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிரிட்டனின் பயோபேங்க் தரவுகளில், தெற்காசியர்களின் இடைநிலை அளவு வெள்ளையர்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஸ்டாட்டின் இதைக் குறைப்பதில்லை. சற்றுக் கூட்டவும் செய்யலாம் என்று சில ஆய்வுகள் சொல்ல, வேறு சில அதை மறுக்கின்றன. ஸ்டாட்டின் வால்வுக்கு ஏன் கேட்கவில்லை என்பதற்கு இதுவும் ஒரு பதிலாக இருக்கலாம்.

இதன் தொடர்ச்சியாகத்தான் எவலோகுமாப் என்ற ஊசி மருந்தைப் பற்றிய பேச்சு வருகிறது. அது எல்.டி.எல்.-ஐயும் ஓரளவு ‘லிட்டில் ஏ’-யையும் சேர்த்தே குறைக்கும். 27,564 பேரை வைத்து நடந்த ‘ஃபூரியர்’ ஆய்வின் தரவுகளை மறுபடியும் அலசியவர்கள், முதலாண்டுக்குப் பிறகு மகாதமனி வால்வுச் சுருக்கம் தொடர்பான நிகழ்வுகள் ஊசி போட்டவர்களிடம் பாதியாக இருந்ததாக 2020-இல் எழுதினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அத்தனை ஆயிரம் பேரில் மொத்த நிகழ்வுகள் 63 தாம். வால்வைப் பார்ப்பதற்காகத் திட்டமிட்ட ஆய்வும் அதுவன்று. ஒருமுறை சூடுபட்ட பூனை இந்தப் பாலையும் ஊதித்தான் குடிக்க வேண்டும். ‘லிட்டில் ஏ’-யை 80 விழுக்காடு வரை குறைக்கும் பெலகார்சன் என்ற ஊசியை வால்வு நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்க்கும் சோதனை தொடங்கப்பட்டிருக்கிறது. எனக்கு அதில்தான் எதிர்பார்ப்பு.

இப்போது என் பிழையைச் சொல்ல வேண்டும். ‘சால்டயர்’ கதையை அப்பாவிடம் ஒரு மாலையில் மிகவும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு கோடுகளும் ஒன்றாகக் கிடந்ததை ஒரு தாளில் வரைந்துகூடக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு மாதங்கள் கழித்து, வழக்கமான ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். 142 என்று வந்தது. அதற்கு முந்தையது 78. அம்மாவைக் கேட்டபோது, மாத்திரை டப்பாவில் இரவு அறைகளில் பிரிக்காத அட்டைத் துண்டுகள் அப்படியே கிடப்பதைக் காட்டினார். “நீதானேடா சொன்னே, அது ஒண்ணும் பண்ணாதுன்னு” என்றார் அப்பா. நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் சொல்லாமல் விட்ட பாதியில்தான் உயிர் இருந்தது.

அதே ‘சீஸ்’ ஆய்வில், வால்வைப் பொறுத்தவரை தோற்றுப்போன அதே மாத்திரை, ரத்தக் குழாய் அடைப்பு தொடர்பான நிகழ்வுகளை 20.1 விழுக்காட்டிலிருந்து 15.7-ஆகக் குறைத்திருந்தது. வால்வு தடித்தவர்களுக்குக் குழாய்களும் கெட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். சுருக்கம் வராமல் வெறும் தடிப்பு மட்டும் இருந்த முதியவர்களிடம்கூட இதய நோயால் வரும் மரணம் சுமார் 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்று ஓட்டோவின் குழு 1999-இல் எழுதியிருக்கிறது. வால்வில் கால்சியம் தெரிந்துவிட்டது என்பது ஸ்டாட்டினை நிறுத்தக் காரணமாகாது. இன்னும் அக்கறையோடு சாப்பிடத்தான் காரணம். அமெரிக்க வழிகாட்டு நெறிகளும் இரண்டையும் பிரித்தே சொல்கின்றன: சுருக்கம் முற்றுவதைத் தடுப்பதற்கென்று ஸ்டாட்டின் வேண்டாம், ரத்தக் குழாய் நோயைத் தடுக்க வேண்டியவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். சித்தப்பாவுக்கு 54 வயதில் மாரடைப்பு வந்த குடும்பம் எங்களுடையது. அன்றிரவே அப்பா மாத்திரையை மறுபடியும் தொடங்கினார். இப்போது அவருடைய எல்.டி.எல். 74.

வேறு எதுவும் இல்லையா என்று தேடியவர்கள் பலர். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அலண்ட்ரோனேட்டையும் டெனோசுமாபையும் எடின்பரோக்காரர்களே இரண்டாவது ‘சால்டயர்’ ஆய்வில் முயன்று பார்த்து, 2021-இல் பயனில்லை என்று அறிவித்தார்கள். டென்மார்க்கில் வைட்டமின் கே-2 கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்தும் கால்சியம் தன் பாட்டுக்கு ஏறியிருந்தது. கே-2 மாத்திரையை வால்வுக்கென்று இணையத்தில் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

கால்சியம் மாத்திரையைப் பற்றி அம்மா கேட்டார். முட்டிவலிக்காரர்கள் இருக்கும் எல்லா வீட்டிலும் அது இருக்கிறது. கால்சியம் நிறைய சாப்பிட்டதால்தான் வால்வில் படிந்தது என்பது சரியல்ல. பாலையும் கேழ்வரகையும் யாரும் நிறுத்த வேண்டாம். வால்வுச் சுருக்கம் உள்ள முதியவர்களில் கால்சியம் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இறப்பும் வால்வு மாற்றமும் கூடுதலாக இருந்தன என்று அமெரிக்காவின் கிளீவ்லண்டிலிருந்து 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அதுவும் பதிவேடுகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வுதான். ஸ்டாட்டினுக்கு ஆதரவாக வந்தபோது சந்தேகப்பட்ட நான், கால்சியத்துக்கு எதிராக வரும்போது மட்டும் நம்பிவிட முடியாது. அப்பாவுக்கு எலும்பில் குறையில்லை என்பதால், தேவையில்லாமல் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை மருத்துவரே நிறுத்திவிட்டார்; அவ்வளவுதான்.

ஆக, இன்றைய தேதிக்கு இந்த நோய்க்கு மாத்திரை கிடையாது. வால்வை மாற்றுவதுதான் வழி. அது முன்புபோல மார்பைப் பிளந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. 2002 ஏப்ரலில் பிரான்சின் ருவான் நகரில் அலன் கிரிபியே என்ற மருத்துவர், மடக்கிய வால்வைக் குழாய் வழியாக உள்ளே கொண்டுபோய் விரித்துவைத்தார். இன்று நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகளிலும் அது நடக்கிறது, செலவு மட்டும் நெஞ்சை அடைக்கும். மாற்றும் நேரத்தைத் தீர்மானிப்பவை எக்கோ எண்களும் அறிகுறிகளும். நடக்கும்போது மூச்சு வாங்குதல், நெஞ்சில் இறுக்கம், கண் இருட்டி மயக்கம்: இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் அடுத்த எக்கோ தேதிவரை காத்திருக்கக் கூடாது என்று மருத்துவர் கறாராகச் சொல்லியிருக்கிறார். இவற்றை ‘வயசாச்சு’ என்று தள்ளிவிடுவதுதான் நம் வீடுகளில் வழக்கம். அப்பாவும் முதலில் அப்படித்தான் தள்ளினார்.

அப்பாவின் எண் 2.6-லிருந்து 2.8, பிறகு 3.1 என்று ஏறியிருக்கிறது. ‘லிட்டில் ஏ’ பார்த்ததில் 88 மில்லிகிராம் வந்தது. 50-க்கு மேல் இருந்தாலே கூடுதல். மரபில் வருவது என்பதால் எனக்கும் பார்த்தார்கள்: 71. வால்வு இப்போதைக்குச் சுத்தமாக இருக்கிறது, எல்.டி.எல். 150. நாற்பத்து மூன்று வயதில் எனக்கும் இரவு மாத்திரை தொடங்கிவிட்டது. வால்வுக்காக அல்ல, சித்தப்பாவுக்கு வந்தது எனக்கு வராமலிருக்க.

அப்பா இப்போதெல்லாம் மாலையில் மொட்டைமாடிக்கு ஏறுகிறார். பழைய வேலையில் பம்ப் ஓடிய மணிக்கணக்கை எழுதிவைத்த அதே மாதிரியான நீள நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு ஒரு கட்டம், மாத்திரைக்கு ஒரு டிக், கடைசிக் கட்டத்தில் படிகள். நேற்றைய வரியில் ‘38 படி, நிற்கவில்லை’ என்று இருந்தது. அடுத்த எக்கோ ஜனவரியில்.